சிசிபேனி அத்தையின் கோபம்

சவாயித் தீவில் படகுத்துறைக்குப் போகும் சாலையில் பணியாரம் விற்கிற சிசிபேனியைத் தெரியாது என்று ஒருவன் சொன்னால், அவன் நேற்று கடல் தாண்டித் தலைநகர் ஆப்பியாவிலிருந்து வந்து இறங்கியவனாக இருக்க வேண்டும், இல்லையென்றால் பசியே எடுக்காத பிறவியாக இருக்க வேண்டும். காலைப் படகுக்குப் போகிறவர்கள் அவள் கொட்டகையில் நின்று இரண்டு வாயில் போட்டுக்கொண்டுதான் போவார்கள். பஸ் டிரைவர்கள் ஹாரன் அடித்தால் அவளே பொட்டலத்தோடு ஓடிவந்து ஜன்னலில் நீட்டுவாள். ஓடுகிற உடம்பா அது என்று கேட்கக் கூடாது. அறுபதைத் தாண்டியவள், ஆள் நல்ல கனம், ஆனால் ஹாரன் கேட்டால் ஓடுவாள்.

அவள் பெயர் ஒரு காசின் பெயர். வெள்ளைக்காரன் சிக்ஸ்பென்ஸ் என்று சொன்னதை இந்தத் தீவின் வாய் வாங்கி, ஒட்டிக்கொண்டு நின்ற மெய்யெழுத்துகளைப் பிரித்து, ஆளுக்கொரு உயிரெழுத்தைத் துணைக்குக் கொடுத்து, சிசிபேனி என்று ஆக்கிக்கொண்டது. ஷில்லிங் இப்படித்தான் செலெனி ஆயிற்று. அவள் சுடுகிற பணியாரத்துக்கே பானிகேகே என்றுதான் பெயர். அதுவும் பான்கேக் என்று தட்டையாகக் கப்பலில் வந்தது, இங்கே எண்ணெயில் விழுந்து உருண்டையாகிவிட்டது.

பெண்பிள்ளைக்குக் காசின் பெயரை வைப்பார்களா என்றால், இங்கே வைப்பார்கள். பிள்ளை பிறந்த அன்று என்ன நடந்ததோ அதுதான் பெயர். அவள் வயதொத்தவர்களில் ஒருவன் பெயர் புயல். தலைக்கு மேலே முதல்முதலாக விமானம் பறந்த அன்று பிறந்தவன் பெயர் விமானம். அடுத்த ஊரில் ஆஸ்பத்திரி என்றே ஒருத்தி இருக்கிறாள். ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னால் இங்கே யாரும் சிரிப்பதில்லை. சிசிபேனி பிறந்த அன்று அவள் அப்பா சோலொமோனா வாழைத்தார் ஏற்றுகிற வேலைக்குப் போயிருந்தார். கப்பல் சமையல்காரன் ஒருவன் இளநீர் கேட்டான், வெட்டிக் கொடுத்தார், அவன் ஒரு வெள்ளிக் காசைக் கையில் வைத்துவிட்டுப் போனான். சோலொமோனா தன் கையில் பிடித்த முதல் வெள்ளி அது. வீட்டுக்கு வந்தால் பெண்பிள்ளை. காசை அதன் உள்ளங்கையில் வைத்தார், அது மூடிக்கொண்டது. மூடிய கையைத் திறக்க மனசு வரவில்லை என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவளுக்குப் பதினாறு பதினேழு வயதிருக்கும்போது அரசாங்கம் பவுண்டையும் ஷில்லிங்கையும் மூட்டை கட்டிவிட்டு தாலா, சேனே என்று புதுக் காசு கொண்டுவந்தது. டாலர் பெற்ற பிள்ளை தாலா, சென்ட் பெற்ற பிள்ளை சேனே. பழைய ஆறு பென்னிக்குப் புதிய ஐந்து சேனே சரியாக வந்தது. ஊர் ஜனங்கள் அதற்காகப் புதுப் பெயரைத் தேடி அலையவில்லை, ஐந்து சேனேயையும் சிசிபேனி என்றே கூப்பிட்டார்கள். "ஆறா இருந்தவ அஞ்சாயிட்டா, இன்னும் கல்யாணத்துக்குள்ள எவ்வளவு தேய்வாளோ" என்று பள்ளிக்கூடத்துப் பையன்கள் சீண்டினார்கள். "தேஞ்சாலும் உங்க அப்பன் சட்டைப் பையில நான்தான் இருக்கேன், போய்ப் பாரு" என்பாள். அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

தம்பி யெரேமியா அவளுக்குப் பன்னிரண்டு வயது இளையவன். அம்மா போனபோது அவனுக்கு நடக்க வந்திருந்தது, பேச வரவில்லை. அக்காதான் இடுப்பில் வைத்துக்கொண்டு வளர்த்தாள். அவன் மீசை அரும்பியதும் ஊர் வழக்கப்படி அவளை விட்டுத் தள்ளி உட்கார ஆரம்பித்தான். அக்கா இருக்கிற இடத்தில் கெட்ட வார்த்தை பேசக் கூடாது, கேலி பேசக் கூடாது, அடுத்தவன் பேசினாலும் எழுந்து போய்விட வேண்டும். கூடப்பிறந்தவள் என்றால் இந்த ஊரில் அப்படி. அவள் வாழ்த்தினால் தம்பி குடும்பம் தழைக்கும். அவள் மனம் கசந்தால், வாய் திறந்து ஒன்றும் சொல்லாவிட்டாலும், அந்தக் கசப்பு தம்பி பெற்ற பிள்ளைகளின் வயிற்றில் போய் உட்காரும். கோயிலுக்கு வேளை தவறாமல் போகிறவர்களும் நம்புகிறார்கள், நர்ஸ் படிப்புப் படித்தவர்களும் நம்புகிறார்கள்.

சிசிபேனி மேற்கே ஒரு மீன்காரனைக் கட்டிக்கொண்டு போனாள். சாமுவேலு நல்ல மனிதன், அதிகம் பேசாதவன். அவளுக்குப் பேச்சு மிச்சம் இருந்ததால் குடித்தனம் பொருத்தமாக ஓடியது. பிள்ளை பிறக்கவில்லை. சர்க்கரை வியாதி அவன் காலில் ஆரம்பித்து ஆளையே கொண்டுபோனதும் அவள் பிறந்த ஊருக்கே திரும்பினாள். யெரேமியா தன் வீட்டுக்குப் பக்கத்தில் கூரை போட்டுக் கொடுத்தான். அப்போது அவன் மகள் மரேத்தாவுக்கு மூன்று வயது. அன்று ராத்திரியே தலையணையை இழுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு வந்த பிள்ளை, கல்யாணம் ஆகிப் போகும்வரை அத்தை பக்கத்தில்தான் தூங்கியது. பெற்றவள் ஃபேத்து, "பத்து மாசம் சுமந்தது நான், வாடகை வாங்கறது நீங்க" என்பாள். சிசிபேனிக்கு அதைக் கேட்பதில் ஒரு சந்தோஷம்.

குடும்பத்தின் தலைமைப் பட்டம் யாருக்கு என்று பேச்சு வந்தபோது சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். "என் தம்பிக்குக் கொடுங்க" என்று சிசிபேனி சொன்னாள். அவள் சொன்னபிறகு மறுபேச்சு இல்லை. யெரேமியா குடும்பத் தலைவனானான். அதே மாதம் மரேத்தாவுக்குக் கல்யாணம்.

அந்தக் கல்யாணத்தில்தான் அது நடந்தது. கடைசி நடனம் மணப்பெண்ணுடையது. அவள் நடுவில் நிதானமாக, கை விரல்கூட அவசரப்படாமல் ஆடுவாள். அவளைச் சுற்றிச் சொந்தக்காரப் பெண்கள் கோமாளிகள் மாதிரி குதிக்க வேண்டும், கூவ வேண்டும், தரையில் புரள வேண்டும். தங்களை எவ்வளவு தாழ்த்திக்கொள்கிறார்களோ அவ்வளவு மணப்பெண் உயர்வாள் என்று கணக்கு. சிசிபேனி அன்று புரண்ட புரளலில் மாப்பிள்ளை வீட்டுக் கிழவர்கள்கூட எழுந்து நின்று பார்த்தார்கள். ஆடுகிறவர்களின் காலடியில் நோட்டுகள் வந்து விழுந்தன. யெரேமியா எழுந்தான். ஐந்து சேனேக் காசு இனி கிடையாது என்று அரசாங்கம் நிறுத்தியிருந்த சமயம் அது. எங்கிருந்தோ அப்படி ஒரு காசை எடுத்து அக்காவின் காலடியில் சுண்டிவிட்டு, மைக்கில், "எங்க அக்காவுக்கு அவங்க பேரையே குடுத்துட்டேன். இனிமே ரெண்டுமே செல்லாது" என்றான்.

கூட்டம் சிரித்தது. மாப்பிள்ளை வீட்டார் பலமாகச் சிரித்தார்கள். சொந்த ஊர்க்காரர்களில் சிலர் சிரிக்கவில்லை, சிலர் சிரித்துவிட்டுப் பிறகு விழித்தார்கள். அக்காவைத் தம்பி கேலி செய்வது, அதுவும் பட்டம் வாங்கிய தம்பி, அதுவும் அந்நிய ஊர்க்காரர்கள் எதிரில். சிசிபேனி ஆட்டத்தை நிறுத்தவில்லை. நடுவில் நிறுத்தினால் பிள்ளையின் நடனம் உடைந்துபோகும். இன்னொரு தடவை புரண்டாள், இன்னும் பலமாகக் கூவினாள். புரண்டு எழும்போது மரேத்தாவின் முகம் கண்ணில் பட்டது. தலை கவிழ்ந்திருந்தது, ஒரு கை வாயை மூடியிருந்தது, தோள் குலுங்கியது. நீயுமா சிரிக்கிறாய் என்று மனசுக்குள் கேட்டுக்கொண்டாள். இதை மட்டும் அவள் எவரிடமும் சொல்லவில்லை.

அதற்குப்பிறகு அவள் தம்பி வீட்டுப் படி ஏறவில்லை. சண்டையும் போடவில்லை. விருந்து நடந்தால் அக்காவுக்கு உரிய பன்றிப் பங்கை யெரேமியா முறையாக அனுப்புவான், அவளும் இரண்டு கையாலும் வாங்கி, "தலைவருக்கு நன்றி சொல்லு" என்று சொல்லி அனுப்புவாள். தம்பி என்று சொல்லமாட்டாள். அந்த மரியாதையில் அவன் வெந்தான். நேரில் போய்க் காலில் விழுந்திருந்தால் ஒரு நாளில் முடிந்திருக்கும், ஆனால் பட்டம் வாங்கிய முதுகு சட்டென்று வளைவதில்லை.

மரேத்தாவும் வரவில்லை. புருஷன் ஊர் ஒன்றும் தூரமில்லை, பஸ் மரேத்தாவின் வாசலிலேயே நிற்கும். மாசமாக இருக்கிறாள் என்ற செய்திகூட ஃபேத்து சொல்லித்தான் தெரிந்தது. யெரேமியா பார்க்கப் போனால் மகள் நேரே பதில் சொல்லமாட்டாள், அம்மா வழியாகத்தான் பேசுவாள். "புருஷன் வீட்டுல என்னமா மரியாதை பழகியிருக்கா பாரு" என்று அவன் பெருமையடித்துக்கொண்டான். ஆண்பிள்ளைகளின் கண் சில விஷயங்களில் வெறும் அலங்காரத்துக்குத்தான் இருக்கிறது.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் சிசிபேனி அடுப்பில் இரண்டாவது ஈட்டைப் போட்டிருந்தாள். கடல் கொந்தளிப்பாக இருந்ததால் படகு இல்லை, வியாபாரமும் மந்தம். யெரேமியா சாலையோரமாக நடந்து வந்தான். தலையில் தொப்பி இல்லை. நார் உரித்த ஒரு இளநீர்க்காயை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான். கொட்டகைக்குள் வராமல், வெளியே வெயிலில், கருங்கல் ஜல்லிமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

அந்தக் காயைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது. வயிற்றுப் பிள்ளை இறங்காமல் நின்றால் அத்தைக்காரி இளநீரை வாயில் விட்டுக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். என்னிடம் கோபம் இல்லை என்று சொல்ல வேண்டும். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அது யாருக்கு?" என்றாள்.

"உங்களுக்குத்தான்க்கா. மரேத்தாவுக்கு நேத்து சாயங்காலமே வலி எடுத்துருச்சு. இன்னும் ஒண்ணும் ஆகல."

"தெரியும். பஸ்ல போனவங்க எல்லாம் சொல்லிட்டுப் போனாங்க. சொல்ல வேண்டியவருதான் இப்ப வர்றாரு."

"டாக்டரம்மா ஆப்பியாவுக்கு அனுப்பணும்னு சொல்றாங்க. கடல் இப்படி இருக்கு, எப்படி அனுப்பறது? பிள்ள சோர்ந்து போயிட்டா. ஃபேத்து என்னப் பிடிச்சுத் தள்ளி விட்டுட்டா, உங்க அக்காகிட்ட போங்கன்னு."

"அவ தள்ளினாத்தான் வருவியோ."

அவன் தலை நிமிரவில்லை. காயை அவள் பக்கம் நீட்டினான். அவள் கை நீட்டவில்லை.

"வாங்கிக்குங்கக்கா."

"வாங்கறது பெரிய காரியமா? வாயில விட்டா வாய் கழுவும். உள்ள இருக்கறது போகலன்னா? பொய்யாத் துப்பினா பிள்ளைக்கு இன்னும் கேடாப் போயிடும்."

"அப்ப உள்ள இருக்காக்கா?"

"இருக்கு."

யெரேமியா காயை மடியில் வைத்துக்கொண்டு முகத்தை மூடிக்கொண்டான். கோபம் இல்லை என்று சொல்லிவிடுவாள் என்று நம்பி வந்தவன் அவன். அக்காமார்கள் அப்படித்தான் சொல்வார்கள். சிசிபேனிக்கும் சொல்ல ஆசைதான். அங்கே கட்டிலில் கிடக்கிறவள் இவள் கைச்சூட்டில் தூங்கி வளர்ந்த பிள்ளை. ஆனால் இந்தக் காரியத்தில் பொய் சொல்ல அவளுக்குப் பயமாக இருந்தது. மனசுக்குள் என்ன இருக்கிறதோ அதை எடுத்து வெளியே போட்டுவிட்டுத்தான் இளநீரைத் தொட முடியும் என்று தோன்றியது.

"நீ காசு எறிஞ்சதுகூட இல்லடா" என்றாள். பட்டக்காரனை டா போட்டுக் கூப்பிடக் கூடாது. இரண்டு பேருமே அதைக் கவனிக்கவில்லை. "எறியறதுக்கு முன்னாடி மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் திரும்பி ஒரு பார்வை பார்த்த. சிரிப்பாங்களான்னு பார்த்துட்டுத்தான் எறிஞ்ச. அத நான் பார்த்துட்டேன். அதத்தான் என்னால முழுங்க முடியல."

"பார்த்தேன்."

"ஏண்டா?"

"பட்டம் வாங்கி ஒரு மாசங்கூட ஆகல. அவங்க பக்கம் எல்லாம் பெரிய பெரிய பேச்சுக்காரங்க. நான் எந்திரிச்சுப் பேசினப்ப ஒருத்தன் காது குடுக்கல, ஒருத்தன் கொட்டாவி விட்டான். நீங்க ஆட வந்ததும் மொத்தக் கூட்டமும் எந்திரிச்சு நின்னுச்சு. எனக்கு எரிஞ்சுது."

"உன் பொண்ணுக்காகத்தானடா புரண்டேன்."

"தெரியும்க்கா. தெரிஞ்சேதான் எரிஞ்சுது. இத நான் ஃபேத்துகிட்டகூட சொல்லல."

எண்ணெய் புகைந்தது, பணியாரம் கருகுகிற வாடை வந்தது. "அடுப்பு அடுப்பு" என்று எழுந்தவன், சின்ன வயதில் செய்ததுபோல் குனிந்து விறகை வெளியே இழுத்து, ஜல்லியில் போட்டு மிதித்து, புகையில் இருமினான். அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. புகையாலா வேறெதனாலா என்று அவளுக்குத் தெரியவில்லை, தெரிந்துகொள்ள வேண்டும் என்றும் இல்லை. பல்லிடுக்கில் ஏதும் மாட்டியிருக்கிறதா என்று நாக்கால் துழாவுவதுபோல் மனதுக்குள் துழாவிப் பார்த்தாள். தம்பிமேல் ஒன்றும் இல்லை. இத்தனை நாள் அங்கே கல்லாகக் கிடந்தது, சொன்னதும் கரைந்துவிட்டிருந்தது. ஆனால் வேறொரு மூலையில் இன்னும் ஏதோ உறுத்தியது. அது மரேத்தாவின் கவிழ்ந்த தலை.

"எந்திரி, பஸ் வருது" என்றாள்.

பஸ்ஸில் நிற்க இடமில்லை. இங்கே அது ஒரு பிரச்சினையே இல்லை. முன் இருக்கையிலிருந்து ஒருத்தி எழுந்து சிசிபேனிக்கு இடம் விட்டாள், எழுந்தவள் பின்னால் ஒருத்தியின் மடியில் உட்கார்ந்தாள், அவள் இன்னும் கொஞ்சம் நகர்ந்தாள். ஒரு வார்த்தை பேசாமல் பஸ்ஸே ஒருமுறை கலைந்து அடங்கியது. யெரேமியாவைப் பருத்த மனிதர் ஒருவர் இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். குடும்பத் தலைவன், கையில் இளநீரோடு, அடுத்தவர் மடியில். யாரும் சிரிக்கவில்லை. டிரைவர் அந்தக் காயைக் கண்ணாடியில் பார்த்தான், பாட்டை நிறுத்தினான், வழியில் கையைக் காட்டிய இருவரைத் தாண்டிப் போனான். அவர்களும் திட்டாமல் கையைக் கீழே போட்டார்கள்.

சிசிபேனி வழி முழுக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆண்டவரிடம் பேசிக்கொண்டே வந்தாள். பிள்ளைதானே, சிரித்தால் என்ன, எல்லாரும் சிரித்தார்கள், அவளும் சிரித்துவிட்டாள். இதை எத்தனை விதமாகச் சொல்லிக்கொண்டாலும் உறுத்தல் நகர்வதாக இல்லை. ஊர் சிரித்தது வேறு, அந்தப் பிள்ளை சிரித்தது வேறு. இந்த உறுத்தலோடு போய்த் துப்பினால் பிள்ளைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஃபேத்து ஓடிவந்து அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். நர்ஸ் கதவைத் திறந்து இளநீரைப் பார்த்தாள். ஆச்சரியப்படவில்லை.

"பொம்பளைங்க ரெண்டு பேர் மட்டும் உள்ள வாங்க. தரையில துப்பிடாதீங்கம்மா, இப்பத்தான் துடைச்சேன். இந்தாங்க பேசின்."

காயின் தலையைச் சீவிக் கொடுத்ததும் அந்த நர்ஸ்தான்.

மரேத்தா கட்டிலில் நனைந்த துணியாகக் கிடந்தாள். உதடு வெடித்திருந்தது. அத்தையைப் பார்த்தவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். முகம் திரும்பியதைச் சிசிபேனி பார்த்தாள். அதோடு அந்தப் பிடரியையும் பார்த்தாள். வியர்வையில் முடி ஒட்டிக் கிடந்த, மூன்று வயதிலிருந்து அவள் எண்ணெய் தேய்த்துச் சீவிய பிடரி. அதைப் பார்த்த நொடியில் எல்லாம் போய்விட்டது. போய்விட்டதா என்று அவள் துழாவிப் பார்க்கவில்லை, அவசியம் இல்லாமல் இருந்தது.

இளநீரை வாயில் விட்டுக் கொப்பளித்துப் பேசினில் துப்பினாள்.

"உங்க அப்பன் மேல எனக்குக் கோபம் இல்ல. அவன் கேட்டான், நான் சொன்னேன், முடிஞ்சு போச்சு." நிறுத்தினாள். அரைகுறையாகச் சொல்வதும் பொய்தான். "உன் மேல இருந்துச்சு. பஸ்ல வர்றப்பகூட இருந்துச்சு. நீயும் சிரிச்சியேன்னு. இப்ப இல்ல. என் கண்ணு, இப்ப இல்ல."

மரேத்தா மெல்லத் திரும்பினாள்.

"நான் சிரிச்சனா?"

"கையால வாய மூடிக்கிட்டு, குனிஞ்சுக்கிட்டு."

"அத்தை." வலி ஒன்று வந்து போகும்வரை அவள் அத்தையின் கையை நெரித்தாள். "வாய மூடலன்னா அன்னைக்கு அப்பாவ அத்தனை பேர் முன்னாடி நாறடிச்சிருப்பேன். எனக்காக மண்ணுல புரண்ட உன்ன அவர் அப்படிப் பேசினாரே. நீ ஆடிக்கிட்டே இருந்ததாலதான் நானும் ஆடினேன். அன்னைலருந்து அவர்கிட்ட ஒரு வார்த்தை பேசல."

ஃபேத்து வாயைப் பிளந்தாள். "அடிப்பாவி, உங்க அப்பா அத மரியாதைன்னு ஊரெல்லாம் சொல்லிட்டிருக்காரே."

"என்ன மரியாதை. அவர் கையால குடுத்த மீன நாய்க்குப் போட்டேன்."

"எங்கிட்ட வந்து சொல்லலாம்ல?" என்றாள் சிசிபேனி. "வாசல்லதான பஸ் நிக்குது."

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வருவேன்? என் கல்யாணத்துலதான உனக்கு அப்படி ஆச்சு."

அடுத்த வலி வந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து ஏதோ முணுமுணுத்தாள். வலி இறங்கியதும் மரேத்தா பேசினைக் காட்டினாள்.

"நீ துப்பி என்ன ஆகும்? கோபம் எங்கிட்டதான இருக்கு. அந்தக் காயக் குடு. அப்பாவக் கூப்பிடு."

"ஆம்பளைங்க உள்ள வரக் கூடாது" என்றாள் நர்ஸ். பிறகு கட்டிலைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள். "வரச் சொல்லுங்க. சீக்கிரம்."

யெரேமியா கண்ணைத் தரையிலிருந்து எடுக்காமல் வந்தான். பிள்ளை பெறுகிற அறையில் இந்த ஊர் ஆண் எவனும் கால் வைத்ததில்லை. நடந்ததை ஃபேத்து வாசலிலேயே இரண்டு வார்த்தையில் சொல்லியிருந்தாள், அவன் முகம் அடி வாங்கியவன் முகமாக இருந்தது. இளநீரை மகளின் வாயருகே கொண்டுபோனான். கை ஆடியதில் பாதி அவள் கழுத்தில் கொட்டியது. மீதியை அவள் வாயில் வாங்கிக் கொப்பளித்து, அத்தை பிடித்திருந்த பேசினில் துப்பினாள்.

"இனிமே இல்லப்பா" என்றாள். பிறகு, "ஆனா இன்னொரு தடவ அத்தைய அப்படிப் பேசினீங்க..." என்று ஆரம்பித்தாள். முடிக்க முடியவில்லை, வலி பிடுங்கிக்கொண்டது. அவள் போட்ட சத்தத்தில் குடும்பத் தலைவன் கதவில் இடித்துக்கொண்டு வெளியே ஓடினான்.

பொழுது சாய்வதற்குள் பிள்ளை பிறந்தது. ஆண்பிள்ளை, நல்ல கனம், பிறக்கும்போதே முகத்தைச் சுளித்துக்கொண்டு. மத்தியானம் போட்ட ஊசி வேலை செய்தது என்று டாக்டரம்மா சொன்னாள். ஆமாம் என்று எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள். பேசினைக் கழுவி வைத்த நர்ஸ் மட்டும் எதற்கும் தலையாட்டவில்லை.

யெரேமியா எல்லோருக்கும் செய்தி சொல்ல வெளியே போனான். சிசிபேனி வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பிள்ளையைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார்கள், முத்தமிட்டாள், திருப்பிக் கொடுத்தாள். அதுவரை நன்றாகத்தான் இருந்தாள். பிறகு அழ ஆரம்பித்தாள். விசும்பலாகத் தொடங்கியது, அந்தக் கனத்த உடம்பு முழுவதும் குலுங்கி பெஞ்சே ஆடியது. ஃபேத்து பயந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன அண்ணி, தாயும் பிள்ளையும் நல்லாத்தான இருக்காங்க. இப்ப எதுக்கு அழறீங்க?"

சிசிபேனி சட்டை ஓரத்தால் மூக்கைத் துடைத்தாள். கல்யாண நாளிலிருந்து தான் ஒருத்தியாகச் சுமந்துகொண்டு திரிந்ததாக நினைத்ததை, வேறொரு ஊரில், வயிற்றில் பிள்ளையையும் வைத்துக்கொண்டு ஒருத்தி சேர்ந்து சுமந்திருக்கிறாள். ஒவ்வொரு நாளும் மரேத்தாவின் வாசலைத் தாண்டித்தான் பஸ் வந்தது. ஒரு நாள்கூட ஏறிப் போய் அவளைப் பார்க்கத் தோன்றவில்லை.

"எனக்காக ஒருத்தி சண்டை போட்டிருக்கா ஃபேத்து" என்றாள். "பெத்த அப்பன்கிட்ட. பேசாம இருந்து. இத்தனை நாளா. எனக்குத் தெரியவே இல்ல."

ஃபேத்து அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.